காலில்லாத குதிரைக்கு ஒரு லாடக்காரர்

உருளைக்கிழங்கை உள்ளங்கையில் வைத்து, குளம்புக் கத்தியால் ஒரே இழுப்பில் இரண்டாக்கி, ஒரு பாதியைக் கமீலிடம் நீட்டுகிறார் ஃபிர்மின் ஹோர்னார்ட். கமீல் லப்பேர் ரொட்டிக்கடைக்காரர், எங்கள் வில்லாளர் சங்கத்தின் தலைவர். உருளைக்கிழங்கு கொண்டுவர வருடம் தவறாமல் மறந்துவிடுவார்.

"இந்தா. உனக்குப் பாதி போதும். உன் குதிரைக்குத் தெரியறது பின்பக்கம் மட்டும்தானே."

"பின்பக்கமாவது இருக்குய்யா எனக்கு. உன்னுதுக்குக் காலே இல்ல."

ஆளுக்கொரு முக்காலியில் ஏறி, சுவரில் மாட்டிய பழைய போர் ஓவியத்தின் அழுக்குப் போக, இருவரும் உருளைக்கிழங்கால் தேய்க்கத் தொடங்குகிறார்கள்.

எங்கள் ஊரான லிஸபேக்கில், வில்லாளர்களின் புனிதரான செபஸ்தியாரின் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை மதியம், சங்கத்தின் மாடிக் கூடத்தில் இது நடக்கும். கம்பத்தின் உச்சியில் கட்டிய இறகுப் பறவையை அம்பெய்து வீழ்த்துபவர் அந்த வருடத்து ராஜா. ராஜாவுக்குப் போடும் வெள்ளிச் சங்கிலியை அவர் அடுத்த வருடம் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். குதிரையைக் கொடுக்க வேண்டியதில்லை. ராஜாவான அன்றே ஓவியத்திலிருந்து ஒரு குதிரையைத் தேர்ந்துகொள்வார். சாகும்வரை அது அவருடையது. அதன்பின் அடுத்த ராஜாவுக்காகக் காத்திருக்கும். ஒருவர் குதிரையில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது. உருளைக்கிழங்கும் அப்படித்தான், அவரவர் குதிரைக்கு மட்டும். வானத்தை யாரும் தேய்த்ததில்லை. வானத்துக்கு ராஜா கிடையாது.

எட்டடி அகல ஓவியம். முந்நூற்றெண்பது வருடங்களுக்கு முன் ஆண்ட்வெர்ப்பில் யாரோ எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது. கையொப்பம் இல்லை. இடப்பக்கம் ஒரு பாலம், வலப்பக்கம் புகை, நடுவில் யார் யாரை வெட்டுகிறார்கள் என்று சொல்ல முடியாதபடி மோதிக்கொள்ளும் இரண்டு குதிரைப்படைகள். எந்தப் போர் என்பதில் சங்கத்துக்குள் மூன்று கட்சி உண்டு. ஃபிர்மின் எதிலும் இல்லை.

"மேல உக்காந்திருக்கவன் பேரை எவன் கேட்டான்? அவன் செத்தாலும் இறங்குவான், ஜெயிச்சாலும் இறங்குவான். கீழ நிக்கிறதைப் பாரு."

அவருக்கு வயது எழுபத்தொன்று. லாடம் அடிக்கும் வேலை. சுற்றுவட்டாரத்தில் குதிரையேற்றப் பள்ளிகள் ஏழு இருக்கின்றன, ஏழிலும் அவர்தான். புதிதாகக் குதிரை வாங்கியவர்கள் மூன்று வாரம் காத்திருந்தால்தான் அவர் கிடைப்பார். வேனுக்குள் எரிவாயு உலை, பட்டடைக்கல், மடிப்பு நாற்காலி ஒன்று. நாற்காலி அவருக்கல்ல, குதிரையின் சொந்தக்காரருக்கு. "வேலை முடியற வரைக்கும் அதுல உக்காந்து வாயை மூடிக்கிட்டு இருக்கணும்" என்று முதல் நாளே சொல்லிவிடுவார். கருகிய குளம்பின் வாடை அவரைவிட்டுப் போவதில்லை. பூசையில் அவர் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருக்கும். அதைத் தனக்குத் தரும் மரியாதை என்று எடுத்துக்கொள்கிறார்.

மனிதர்களையும் கீழிருந்துதான் பார்ப்பார். முகம் நினைவில் நிற்காது, செருப்பு நிற்கும். தபால் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் கவுன்ட்டரை விட்டு வெளியே வந்தபோது, "வலது குதிகால் உள்பக்கமா தேயுது. இடுப்பு வலிக்குமே?" என்று கேட்டார். அவள் திகைத்துப்போய், "ஆமா, ஆறு மாசமா" என்றாள். "கால்ல இருக்கு எல்லாம்" என்று சொல்லிவிட்டு, தபால்தலை வாங்க வந்ததை மறந்து வெளியேறினார். அவர் மனைவி அலிடா எல்லோரிடமும் சொல்வது: "இந்த ஆளு என் மூஞ்சியைக் கல்யாணத்தன்னிக்குத்தான் பாத்தாரு. அதுவும் பாதிரியார் பாக்கச் சொன்னதால."

இப்படிப்பட்ட மனிதர் தனக்கென்று தேர்ந்துகொண்டது கால் தெரியாத குதிரையை.

முப்பத்தெட்டாவது வயதில் ராஜாவானார். அன்று ஆளில்லாமல் இருந்தவை மூன்று. புகைக்குள் தலை மட்டும் நீட்டிய செம்மண் நிறத்துக் குதிரை ஒன்று, பாலத்தின் மேல் சுண்டுவிரல் அளவுக்கு ஒன்று, பிறகு வெள்ளை. ஓவியத்தின் முன்னணியில், நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் தள்ளி, கழுத்தை வளைத்து நிற்கும் பெரிய வெள்ளை. சுற்றி நடக்கும் வெட்டுக்குத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூடத்துக்குள் நுழைபவர் கண் முதலில் அதன் மேல்தான் விழும். ஆனால் நான்கு கால்களும் முழங்காலுக்குக் கீழே புல்லுக்குள் மறைந்துவிடும்.

"லாடக்காரனுக்கு வந்த குதிரையைப் பாரு" என்று அன்று தொடங்கிய கேலி முப்பத்துமூன்று வருடமாக ஓயவில்லை. ஃபிர்மினும் ஒரே பதிலைச் சொல்லி வருகிறார்.

"களிமண்ணு நிலம். மழை பேஞ்சிருக்கு. இவ்வளவு கனமான குதிரை அமுங்கத்தான் செய்யும். நீ மாவு பிசையறவன், உனக்கு மண்ணு தெரியுமா?"

"அமுங்கிப்போச்சுன்னா அப்புறம் எப்படிய்யா சண்டை போடும்?"

"அது ஏன் சண்டை போடணும்? அது நின்னாலே போதும்."

வேனின் பக்கவாட்டில் வெள்ளையை வரையச் செய்திருக்கிறார். அதில் நான்கு கால்களும் இருக்கின்றன, நான்கிலும் லாடம்.

பத்து வருடங்களுக்கு முன் வெள்ளையின் வயிற்றில் ஒரு கறை தெரியத் தொடங்கியது. விரல் நீளத்துக்குப் பழுப்பாக ஒரு வளைவு. ஈ எச்சம் என்றார் ஃபிர்மின். அடுத்த வருடம் அது கொஞ்சம் நீண்டது. மெழுகுவர்த்திப் புகை என்றார். இரண்டு உருளைக்கிழங்கு கொண்டுவந்தார், பிறகு மூன்று. மற்றவர்கள் இறங்கிப் பியர் குடிக்கப் போனபிறகும் அவர் முக்காலியிலேயே நின்று அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார். தேய்க்கத் தேய்க்கக் கறை கறுத்தது.

கமீலுக்குப் பாதி உருளைக்கிழங்கு கொடுத்த அதே வருடம், இலையுதிர் காலத்தில் ஓவியத்தின் துணி சட்டத்திலிருந்து தொய்ந்து தொங்கியது. கென்ட் நகரத்திலிருந்து அன்னெலீனை வரவழைத்தோம். பழைய ஓவியங்களைச் சீர்செய்பவள். முப்பத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் ஒரு விளக்கு, அதிகம் பேசமாட்டாள். மாடிக் கூடத்திலேயே மேஜை போட்டாள். முதல் நாள் ஓவியத்தின் முன் அரைமணி நேரம் நின்றுவிட்டு, "இதை எதால சுத்தம் பண்றீங்க?" என்று கேட்டாள்.

"உருளைக்கிழங்கு" என்றார் கமீல்.

"எத்தனை வருஷமா?"

"எப்பவும்."

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள்.

விரிசல்களுக்குள்ளெல்லாம் மாவு இறங்கியிருந்தது. ராஜாக்களின் குதிரைகள் தேய்ந்து மெலிந்திருந்தன. யாருக்கும் சொந்தமில்லாதவை கரிக்குக் கீழே பத்திரமாக இருந்தன. "வானத்தை நீங்க கண்டுக்காம விட்டதுக்கு ரொம்ப நன்றி" என்றாள். இரண்டு வாரத்தில் அந்த வானம் வெளியே வந்தது. நீலம், கிழக்கே இளஞ்சிவப்பு. காலை ஏழு மணி இருக்கலாம். கமீலுக்கு முகம் விழுந்துவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் இது நள்ளிரவுப் போர் என்று இருபது வருடமாக விளக்கியவர் அவர்.

நவம்பரில் அன்னெலீன் ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்தாள். சங்கம் கூடும் அடுத்த வியாழக்கிழமை, கீழே பியர்க் கூடத்தில், எல்லோரும் இருக்கும்போது சொன்னாள். வெள்ளைக் குதிரை அந்த ஓவியர் வரைந்ததல்ல. இருநூறு வருடங்களுக்கு முன் வேறு யாரோ மேலே பூசியது. அதற்கடியில் இன்னொரு குதிரை இருக்கிறது, முதல் ஓவியரின் கையால். வெள்ளையை எடுத்துவிட்டு அதை வெளியே கொண்டுவரலாம். ஆனால் எடுத்த வெள்ளையைத் திரும்ப வைக்க முடியாது.

"என்ன குதிரை கீழ?" என்று கேட்டார் கமீல்.

"விழுந்த குதிரை. மல்லாந்து கிடக்குது."

ஓவியத்தில் விழுந்த குதிரைகள் ஏற்கெனவே நான்கு உண்டு. ஒரு ராஜாவும் அவற்றை எடுத்ததில்லை. எடுத்தால் அந்த வருடத்தைத் தாண்டமாட்டார் என்பார்கள். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

"வயித்துல தெரியற அந்தக் கறை கீழே இருக்கிற குதிரையோடதுதான்" என்றாள் அன்னெலீன். "அந்த இடத்துல வெள்ளை ரொம்பத் தேஞ்சு போயிருக்கு. யாரோ அங்க மட்டும் விடாமத் தேய்ச்சிருக்காங்க."

எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். ஃபிர்மின் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று, "இருநூறு வருஷம் நின்ன குதிரை. எவ்வளவு நின்னா சொந்தமாகும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். பியர் பாதிக் குவளை அப்படியே இருந்தது.

சங்கத்தில் முப்பத்திரண்டு பேர். அன்றே கையைத் தூக்கச் சொல்லியிருந்தால் பெரும்பாலோர் வெள்ளையை எடுக்கத்தான் சொல்லியிருப்பார்கள். பழைய ஓவியரின் கைவேலை முழுதாக நம்மிடம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வது சின்ன விஷயமல்ல. பக்கத்து ஊர்ச் சங்கத்திடம் இருப்பது ஒரு பீரங்கிக் குண்டு மட்டும். ஆனால் கையைத் தூக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ராஜா உயிரோடிருக்கும்போது அவர் குதிரையைப் பற்றி அவர் மட்டும்தான் முடிவு செய்யலாம். எழுதி வைத்த விதி அல்ல. எழுதி வைத்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

மூன்று வியாழக்கிழமை ஃபிர்மின் வரவில்லை. நான்காவது வாரம் கமீல் அவரைக் குதிரையேற்றப் பள்ளியில் போய்ப் பிடித்தார். நான்தான் காரில் அழைத்துப் போனேன். ஃபிர்மின் ஒரு குட்டைக் குதிரையின் முன்னங்காலைத் தன் தொடைகளுக்கிடையில் இடுக்கிக்கொண்டு அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. கமீலின் ஷூவைப் பார்த்தார்.

"கயிறு கட்டுடா. விழுந்து தொலைக்காத."

"ஃபிர்மின், ஒரு வார்த்தை."

"நாற்காலி அங்க இருக்கு."

கமீல் மடிப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்துவிட்டால் பேசக் கூடாது. ராவி முடித்து, காலைக் கீழே விட்டு, குதிரையைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுத்தான் ஃபிர்மின் வாயைத் திறந்தார்.

"நான்தான் ஓட்டை போட்டேன்னு சொல்லிக்கிறாங்களா?"

"யாரும் சொல்லல."

"சொல்லலாம். நான்தான் போட்டேன். பத்து வருஷமா நானே என் குதிரையைத் தேய்ச்சுத் தின்னிருக்கேன். கறைன்னு நெனச்சேன்."

"உருளைக்கிழங்கு நாங்களும்தான் தேய்ச்சோம்."

"நீ பாதி தேய்ச்ச. அதுவும் நான் கொடுத்தது." அரத்தை வேனுக்குள் எறிந்தார். "அந்தப் பொண்ணு எடுத்த போட்டோவைப் பாக்கணும்."

மறுநாள் மதியம், தோல் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு வந்தார். அன்னெலீன் எக்ஸ்ரேயைப் பெரிய தாளில் அச்செடுத்து மேஜையில் விரித்திருந்தாள். சாம்பலும் வெள்ளையுமாகப் புகைமூட்டம். எங்களுக்கு எதுவும் பிடிபடவில்லை. வெள்ளையின் கழுத்து தெரிந்தது, அதற்குக் குறுக்கே வேறு ஏதோ ஒரு கழுத்து. அன்னெலீன் பென்சில் முனையால் காட்டினாள். இது தலை, இது பிடரி, இது சேணம், சவாரிக்காரன் அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறான், இது அவன் கை.

ஃபிர்மின் கேட்டதாகத் தெரியவில்லை. தாளைச் சுற்றிப் போய் மேஜையின் மறுபக்கம் நின்றார். பிறகு தாளையே தலைகீழாகத் திருப்பி, ஒரு வளைவில் விரலை வைத்தார்.

"இது எங்க வருது? வயித்துலயா?"

"ஆமா. நீங்க தேய்ச்ச இடம்."

"விளக்கைக் குடும்மா."

அவள் நெற்றி விளக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அதைக் கையில் பிடித்து மூக்கு தாளில் படுமளவு குனிந்தார். கீழே யாரோ பியர்ப் பீப்பாயை உருட்டும் சத்தம் கேட்டது.

"பின்னங்கால் லாடம்" என்றார். "இடது. முன்னங்காலா இருந்தா வட்டமா இருக்கும். இது முட்டை மாதிரி. சரியாப் போட்டிருக்கான். வெளிப்பக்கம் நாலு ஆணி, உள்பக்கம் மூணு. உள்பக்கம் குளம்புச் சுவர் மெல்லிசு, நாலு அடிச்சா வெடிச்சிரும். இதெல்லாம் படம் போடறவனுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்திருப்பாரு" என்றாள் அன்னெலீன்.

"பாத்தாப் பத்தாதும்மா. நெறைய பேரு பாக்கறாங்க." விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனார். "இங்க பாரு, புள்ளி புள்ளியா வெள்ளை. ஆணித்தலை. சதுரமா நிக்குது. ரெண்டு வாரம் நடந்திருந்தா தேஞ்சிருக்கும். இது புதுசு. சண்டைக்கு முந்தின நாள் அடிச்சது."

"அப்படியா?" என்றார் கமீல். "அது எப்படிய்யா சொல்ற?"

"எப்படிச் சொல்றேனா? ஐம்பத்தஞ்சு வருஷமா வேற என்னடா பண்றேன்?" நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது, அது குனிந்திருந்ததால் இருக்கலாம். "மேல உக்காந்திருந்தவன் செத்துட்டான். குதிரையும் பிழைக்காது. ஆனா லாடம் நிக்குது. ஒரு ஆணி அசையல. அடிச்சவன் கெட்டிக்காரன். அவன் வேலையை இந்தப் படம் போட்டவன் பாத்து, இதுதான் முன்னாடி தெரியணும்னு காலைத் தூக்கிக் காட்டியிருக்கான். அதுமேல எவனோ வெள்ளையைப் பூசிட்டுப் போயிட்டான்."

"யாரு பூசியிருப்பா?" என்று கேட்டேன்.

"வேற யாரு? நம்ம ராஜா ஒருத்தன்தான். விழுந்த குதிரை கண்ணுல படக்கூடாது. பெரிசா, வெள்ளையா, ஒண்ணு நிக்கணும். சுவருக்கு வண்ணம் பூசறவனைக் கூப்பிட்டிருப்பான். அவனுக்குக் குளம்பு போட வராது. புல்லைப் போட்டான்." கொஞ்சம் நிறுத்தினார். "களிமண்ணுன்னு நான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

முப்பத்துமூன்று வருடக் கேலியை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். கமீல் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

"எடுத்துரும்மா" என்றார் ஃபிர்மின்.

"நிச்சயமாவா? எடுத்தா எடுத்ததுதான்."

"ஒரு தடவை சொன்னாப் போதும் எனக்கு."

கமீல் அவர் கையைப் பிடித்தார். "ஃபிர்மின், உனக்குக் குதிரை இல்லாமப் போயிடக் கூடாது. போன வருஷம் ரெண்டு பேரு செத்து, ரெண்டு குதிரைக்கு ஆளில்ல. பாலத்துக்குப் பக்கத்துல கறுப்பு இருக்கே, நாலு காலும் தெரியும். அதை எடுத்துக்க. வியாழக்கிழமை சொல்லிடறேன்."

"எதுக்கு? எனக்குத்தான் இருக்கே."

"எங்க?"

ஃபிர்மின் தாளில் விரலை வைத்தார்.

"யோவ், அது விழுந்த குதிரை."

"தெரியுது."

"எந்த ராஜாவும் எடுத்ததில்லய்யா. வருஷம் தாண்டாதுன்னு..."

"எனக்கு எழுபத்தொண்ணு ஆகுது. தாண்டலேன்னா குதிரை செஞ்சதுன்னா சொல்லுவாங்க? தாண்டினா, அடுத்த வருஷம் மிச்சம் நாலையும் கொடுக்க ஆள் தேடலாம்." கதவருகே போய்த் திரும்பினார். "எழுதிக்க. ஃபிர்மின் ஹோர்னார்ட், விழுந்தது. இடது பின்னங்கால் புதுசு."

அடுத்த வியாழக்கிழமை தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே, முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் உள்ள வித்தியாசத்தை மேஜைக்கு மேஜை விளக்கினார். பியர் நுரையில் விரலைத் தோய்த்து மேஜை மேல் வரைந்து காட்டினார். பாதிரியாருக்கு இரண்டு முறை. எங்கள் ஓவியர், எங்கள் ஓவியர் என்றே பேசினார். அதுவரை அவர் ஓவியரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வெள்ளையை எடுக்க அன்னெலீனுக்கு பதினைந்து வாரம் பிடித்தது. குச்சியில் சுற்றிய பஞ்சு, அறுவைக் கத்தி, தபால்தலை அளவு இடத்துக்கு ஒரு மணி நேரம். கழுத்து முதலில் போனது, பிறகு மார்பு. ஃபிர்மின் தினமும் வேலை முடிந்து வந்து, கதவருகிலேயே நின்று பார்த்துவிட்டுப் போவார். வெள்ளையின் கண் போன அன்று மட்டும் வரவில்லை. வயிற்றைக் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை அது முடிந்தது. கமீல் வந்திருந்தார், நான் இருந்தேன். அன்னெலீன் விளக்கைத் திருப்பி வைத்துவிட்டு ஒதுங்கினாள். மல்லாந்த பழுப்புக் குதிரை. அதன் பின்னங்கால் எங்களை நோக்கி நீண்டிருந்தது. ஓவியத்தில் நமக்கு மிக அருகில் இருப்பது அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஈரமண் ஒட்டிய குளம்பு, சாம்பல் நிறத்தில் இரும்பு, ஏழு ஆணித்தலைகளிலும் அந்தக் காலை ஏழு மணி வெளிச்சம்.

ஃபிர்மின் இந்தமுறை கதவருகில் நிற்கவில்லை. நேரே முன்னால் போனார்.

"கை வெக்கக் கூடாது" என்றாள் அன்னெலீன்.

"வெக்கல."

வலது கையை ஏப்ரனில் துடைத்தார். பார்த்துவிட்டு இன்னொரு முறை துடைத்தார். பிறகு உள்ளங்கையை மல்லாத்தி, அந்தக் குளம்புக்குக் கீழே, துணியிலிருந்து ஒரு விரல் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார். முழங்கால்கள் இரண்டும் சற்று மடங்கின, பாரம் வந்து இறங்கப்போவதைப்போல.